அத்தியாயம் 6: தரையைக் காப்பாற்றுங்கள், எஞ்சினை அம்பத்தூர் பார்த்துக்கொள்ளும்

பழைய அம்பாசடர் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார். ஸ்டார்ட் போட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, ஆயில் மூடியைக் கழற்றிப் புகை தள்ளுகிறதா என்று பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் விலை பேசி முடித்துவிடுவார். 1998இல் நானும் அப்படித்தான் வாங்கினேன். 1984ஆம் வருடத்து மார்க் 4, பெட்ரோல் வண்டி. எஞ்சின் தங்கம். ஆறே மாதத்தில் ஐப்பசி மழை வந்தது. திருமுல்லைவாயலில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது காலடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி முழங்கால் வரை நனைத்தது. வீட்டுக்கு வந்து மிதியடியைத் தூக்கினேன். ரோடு தெரிந்தது.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் உள்ளே போனது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சின் போனா எங்கிட்ட வாங்க சார். அடி போனா யார்கிட்ட போவீங்க?" என்றார். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

தினமும் ஓட்டும் பழைய வண்டிக்கு எஞ்சின் ஒரு பிரச்சினையே இல்லை, அதிலும் நம் பக்கத்தில். பாடியிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் எல்லாம் பாடியில் வேர்விட்டவை. அதாவது செல்ஃப் மோட்டார், சக்கரம், பிரேக், போல்ட். அம்பத்தூரில் சைக்கிள் செய்தார்கள், டயர் செய்தார்கள். ஆவடியில் ஸ்டீல் குழாய் இழுத்தார்கள். 1965இல் விஜயந்தா டாங்கியே ஆவடியில் இருந்துதான் வெளியே வந்தது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரி செய்து கொடுக்கத்தான் 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் முளைத்தது. சந்துக்குச் சந்து லேத், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், ரப்பர் மோல்டிங். உத்தர்பாராவில் பிறந்த வண்டிக்கு இதைவிட நல்ல புகுந்த வீடு கிடையாது. இந்துஸ்தான் மோட்டார்ஸே 1998இல் நம் திருவள்ளூரில் ஆலை வைத்தது. ஆனால் அங்கே செய்தது மிட்சுபிஷி லான்சர். அம்பாசடருக்கும் நமக்கும் உள்ள உறவு ஷோரூம் உறவு அல்ல, பட்டறை உறவு.

அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த வார்ப்பிரும்புக் கட்டி. சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து 20 தௌ பெரிய பிஸ்டன் போடலாம் (தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மறுபடி தேய்ந்தால் 40. அதற்கும் மேல் போய்விட்டால் லைனர் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம். கிராங்க்கும் அப்படியே: 10, 20 என்று அரைத்துக்கொண்டே போய் அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். தாத்தா காலத்து எஞ்சினைப் பேரன் காலத்திலும் முதல் அளவில் ஓட்டலாம். காகிதம் போல உதிரும் தரைத் தகட்டுக்கு அந்த வசதி இல்லை. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. தரையும் பக்கச் சுவர்களும்தான் வண்டியின் எலும்பு. அது போனால் கதவு மூடாது, ஸ்டியரிங் இழுக்கும், பின் பட்டை தொங்கும் இடம் கிழியும். அப்போது காயலான் கடைக்காரர் வந்து வீட்டு வாசலில் நிற்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள்

வருடத்தில் ஒருநாள் எல்லோரும் வண்டியைக் கழுவுகிறோம். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அந்த நாள் வருவது சரியாக வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். அதனால் அதற்கு முதல் நாளை உங்கள் வண்டியின் அடியைப் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் இதைத் தவறவிட்டதில்லை.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கி வைப்பதானால் ஸ்டாண்டும் வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கையில் டார்ச், மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு சாக்பீஸ். காலடித் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின் பட்டையின் முன்கண் மாட்டியிருக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டுக்குள் சேறு அடையும் பொந்து, இந்த ஐந்து இடத்தையும் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். கெட்டது 'தப்' என்னும். 'தப்' என்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

பிறகு கதவுகள். ஒவ்வொரு கதவின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, கண்ணாடியின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒழுகினால் சரி. ஒழுகாவிட்டால் கதவுக்குள் குளம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மழை உள்ளே இறங்கி மிதியடிக்கு அடியில் தேங்கும். தரை பெரும்பாலும் மேலிருந்துதான் துருப்பிடிக்கிறது. கீழே எவ்வளவு கறுப்புப் பூசினாலும் மேலே நனைந்த சாக்கு கிடந்தால் பயன் இல்லை. மழைக்காலம் முழுக்க மிதியடியை எடுத்துவிட்டு வெறும் தரையில் கால் வைத்து ஓட்டுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான்.

வாட்டர் சர்வீஸ் பற்றி ஒரு புகார். கழுவி முடித்ததும் 'அடிக்கு ஆயில் ஸ்பிரே' என்று டீசலும் கழிவு ஆயிலும் கலந்து அடித்துவிடுவார்கள். பட்டைக்கு நல்லதுதான் என்பார்கள். பட்டையின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ் அந்த ஆயிலில் ஊறிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக கிரீஸ் கன் எடுத்துவந்து முன் சக்கரத்தின் கிங்பின் நிப்பிள்களில், பழைய கிரீஸ் வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது போதும். நிப்பிள் அடைத்திருந்தால் பையன் சும்மா துடைத்துவிட்டுப் போய்விடுவான். அதற்காகத்தான் நிற்கச் சொல்கிறேன்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டலூரில் 1961இலிருந்து செய்த நம்ம ஊர் வண்டி அது. முன் சக்கரம் திரும்பும் டிரன்னியன் என்ற பித்தளை முடிச்சுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்க் கட்டியாகி நிற்கும், மரை காய்ந்து ஒருநாள் முறியும், சக்கரம் பக்கவாட்டில் படுத்துவிடும். நிப்பிள் இருந்தால் கிரீஸ் என்று கை பழகிய மெக்கானிக்குக்கு இது தெரியாமல் இருக்கலாம். வண்டி உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் வட்டம் போட்ட இடங்களுக்கு வருவோம். டிங்கரிடம் போனால் இரண்டு வழி சொல்வார். ஒன்று, பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது. மலிவு, அரைநாள் வேலை. வேண்டவே வேண்டாம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு நிம்மதியாக வளரும். இரண்டாவது, துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் சி.ஆர். ஷீட் வெட்டி, விளிம்போடு விளிம்பாக வைப்பது. கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். சிஓ2 வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள், எஸ்டேட்டில் நிறைய உண்டு. பற்ற வைத்த இடத்தில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயிண்ட், உட்குழிகளில் மெழுகு சேர்ந்த துருத்தடுப்பு ஸ்பிரே. தடியாகத் தார் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கோடையில் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் போய் உட்காரும், வெளியே பார்த்தால் கறுப்பாக அழகாக இருக்கும்.

வெளிப்பக்கம் பட்டி பூசி மறைத்த வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், பட்டியில் வழுக்கும்.

தண்ணீர் ஏறிவிட்டால்

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி தப்பியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தப்பவில்லை. இரவில் முற்றத்தில் ஏறிய தண்ணீர் விடியும்போது ஹப் கேப்பைத் தாண்டி, சீட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பக்கத்து வீட்டுத் தம்பி, "ஸ்டார்ட் பண்ணி மேட்டுக்கு எடுத்துடலாம் சார்" என்று சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. அந்த ஒரு 'இல்லை'தான் எஞ்சினைக் காப்பாற்றியது.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். ஆகவே முதல் வேலை பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றுவது. தண்ணீர் வடிந்ததும் எல்லா பிளக்கையும் கழற்றி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் டிகிரி காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை வடித்து, மலிவான ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து, பிறகுதான் நல்ல ஆயில்.

பலர் மறப்பது கியர் பாக்ஸும் டிஃப்ரன்ஷியலும். இரண்டுக்கும் மூச்சுவிட ஓட்டை உண்டு. ஓடிச் சூடான வண்டி தண்ணீரில் நின்றால் உள்ளே காற்று குளிர்ந்து, அந்த ஓட்டை வழியே தண்ணீரை உறிஞ்சும். வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்து பேரிங் கத்தும்போதுதான் தெரியும். இரண்டிலும் ஆயில் மாற்றுங்கள். நாலு டிரம்மையும் கழற்றித் துடையுங்கள். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் இறக்கி வெயிலில் வைக்க வேண்டியவை. சீட்டு, மிதியடி, கதவின் உள் அட்டை எல்லாம் வெளியே. என் வண்டிக்கு இதெல்லாம் முடிய பதினொரு நாள் ஆனது. கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால் பதினொரு நாளில் முடிந்தது. எங்கள் தெருவில் இரண்டு புது வண்டிகள் டோ லாரியில் ஏறிப் போனவை போனவைதான்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஐம்பதடி ஓட்டுங்கள். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. லைனிங் சூடேறிக் காய்ந்தால்தான் பழைய பிடி வரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். ஆயில் குறையவில்லையே என்று விட்டுவிடாமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பழைய லைனிங்கின் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அதில் கல்நார் இருக்கும்.

எஞ்சினுக்குச் சொல்ல வேண்டியது

எஞ்சினை அம்பத்தூர் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஆனாலும் மாதா மாதம் அம்பத்தூருக்கு வேலை வைக்க வேண்டியதில்லை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று எண்களை நினைவில் வையுங்கள்: டாப்பெட் 15 தௌ, பாயிண்ட் 15 தௌ, பிளக் 25 தௌ. ஃபீலர் கேஜ் இல்லாமல் வழியில் நின்றுவிட்டால் பாயிண்டுக்குத் தடித்த விசிட்டிங் கார்டு உதவும். வீட்டுக்கு வந்து சரியாக வைத்துக்கொள்ளலாம். புது கண்டென்ஸர் வாங்கிப் போட்டதும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். இப்போது கிடைப்பதைவிட அது நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆயில் 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50, சாதாரண மினரல் ஆயில். விலை உயர்ந்த மெல்லிய ஆயில் ஊற்றினால் போர்ட்டிகோ தரையில் கோலம் போடும். இந்த எஞ்சினின் பின் மெயினில் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு திருகு வெட்டு மட்டும்தான். ராத்திரி நின்ற இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சொட்டு இருந்தால் கவலை வேண்டாம். சொட்டே இல்லை என்றால் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை, 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட ஓட்டினார். அவர் செய்ததில் வித்தை ஒன்றும் இல்லை. கையேட்டில் போட்ட கெடுவுக்கு ஆயில் மாற்றினார், தினமும் ஓட்டினார். நிற்கும் வண்டிதான் கெடும் என்பதை எந்த பஸ் டிப்போ மெக்கானிக்கும் உங்களுக்குச் சொல்வார்.

சூட்டுக்கு வருவோம். கத்திரி வெயிலில் பாடி மேம்பாலத்தின் கீழேயோ, மெட்ரோ வேலையில் குறுகிப்போன பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ இருபது நிமிடம் நகர்ந்து நகர்ந்து போனால் முள் மேலே ஏறும். நம் ஊர் மெக்கானிக்குகளின் உடனடி வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தயவுசெய்து விடாதீர்கள். அது இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும், ஆயிலில் வண்டல் கட்டும், சிலிண்டர் தேயும். சூட்டுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் விளிம்பு கட்டும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் கட்டும். ரேடியேட்டரை இறக்கி, மேல் தொட்டியைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மாசி, பங்குனியிலேயே செய்துவிடுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். ஃபேன் பெல்ட்டையும் மேல் கீழ் ஓஸையும் அழுத்திப் பாருங்கள். கல்லாகவோ களியாகவோ இருந்தால் மாற்றுங்கள்.

வெயிலில் வண்டி திடீரென நின்று, பெட்ரோல் இருந்தும் எடுக்கவில்லை என்றால் வேப்பர் லாக். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள், எடுத்துவிடும். டாஷ்போர்டில் ஒரு பழைய பனியன் துணியும் பின்னால் ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

பெட்ரோலே இப்போது மாறிவிட்டது. 2000க்குப் பிறகு ஈயம் இல்லை. பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம்தான் அதற்கு மெத்தையாக இருந்தது. அடுத்தமுறை ஹெட் இறக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள், ஒரே தடவைச் செலவு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் ஓஸ், பம்ப்பின் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றாமல் இந்த வருடத்தைத் தள்ளாதீர்கள். வெடித்த ஓஸில் கசியும் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேரும். தினமும் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

மஞ்சப்பையும் ஸ்பேனரும்

இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல போல்ட்டில் 13 எம்.எம். ஸ்பேனர் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். 12.7க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டு தடவை இறுக்கினால் முனை மழுங்கிவிடும், மூன்றாவது தடவை உளி தேவைப்படும். ஒரு ஏ.எஃப். செட் வாங்கி டிக்கியில் வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது அதையும் எடுத்துக் கொடுங்கள்.

உதிரிக்குப் புதியது என்றால் ஜி.பி. ரோடு, பழையது என்றால் புதுப்பேட்டை. எங்கே போனாலும் கழற்றிய பழைய பொருளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். "அம்பாசடர் வாட்டர் பம்ப் இருக்கா பாய்?" என்று கேட்டால் மார்க் 2, மார்க் 4, நோவா, இசுசூ என்று நாலு எடுத்துப் போடுவார். பழையதைப் பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பெனிப் பெட்டிக்குள் கம்பெனி சரக்கு இல்லாமலும் இருக்கும். 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் முன்பே. இனி வருவதெல்லாம் யாரோ எங்கோ செய்வதுதான்.

அதனால் சில பொருளை நாமே செய்துகொள்வது நல்லது. புஷ் வேண்டுமென்றால் எஸ்டேட் லேத்தில் கன்மெட்டலில் கடைந்து தருவார்கள். ரப்பருக்கு டை வெட்ட வேண்டும். ஒருவருக்கு அந்தச் செலவு கட்டாது. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, டை செலவைப் பங்கு போட்டு, எஞ்சின் மவுண்டிங் செய்துகொண்டோம். ஆளுக்கு இரண்டு ஜோடி வந்தது. மிச்சம் இருந்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். உங்கள் தெருவில் இன்னொரு அம்பாசடர் நின்றால் போய்ப் பேசுங்கள்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அம்பத்தூர், பூந்தமல்லி என்று உங்கள் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். கெடு தவறினால் அபராதமும் சேரும், காலண்டரில் குறித்து வையுங்கள். புகைச் சான்றுக்கு நம் காலத்து வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பாயிண்டும் கார்புரேட்டரும் சரியாக இருந்தால் தாராளமாகத் தேறும்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு 2021 முதல் உண்டு. நம்பர் பிளேட் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவு எடுத்த வண்டியைக் கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கவும் ஆபீஸ் போகவும் வண்டி வேண்டுமென்றால் ஆசைப்படாதீர்கள், சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள். வயதை மட்டும் வைத்துப் பெட்ரோல் வண்டியை நிறுத்தும் தடை நம் ஊரில் இல்லை.

கடைசியாக, மெக்கானிக்

என் தரையைக் குத்திப் பார்த்தவர் இப்போது பட்டறைக்கு வருவதில்லை, முட்டி வலி. அவர் மகன் புது வண்டிகள் பார்க்கிறார், லேப்டாப் வைத்திருக்கிறார். பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரை அவர் படிப்பில் சொல்லித்தரவே இல்லையாம். போன வருடம் டியூனிங்குக்குப் போனபோது பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயால் சொல்ல, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் செய்தான். மூன்று தடவை தப்பாக வைத்தான். நான்காவது தடவை எஞ்சின் சீராக மூச்சுவிட்டதும் அவனே சிரித்தான். முக்கால் மணி நேர வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

அடுத்தமுறை நீங்கள் போகும்போதும் அவசரப்படாதீர்கள். பட்டறையில் வேலை கற்கும் பையன் இருந்தால் பாயிண்ட், டாப்பெட், கிரீஸ் மூன்றையும் அவன் கையால் செய்யவிடச் சொல்லுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். அவனுக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள்.